விக்டோரியாவின் ஊர்ப்புறத்தில் காட்டுத்தீ: வெளியேறவும் திரும்பி வரவும் ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7ஆம் தேதி, சனிக்கிழமை, மெல்பர்னின் வெப்பநிலை 46.4 டிகிரி செல்சியஸைத் தொட்டது. முற்பகல் 11.45 மணியளவில் கில்மோர் ஈஸ்ட் என்ற ஊருக்கருகே மின்கம்பி ஒன்று அறுந்து, அதிலிருந்து தெறித்த பொறி காய்ந்த தரையில் பற்றியது. மாலைக்குள் அந்தத் தீ நெடுஞ்சாலையையும் மலைக்காட்டையும் தாண்டி ஸ்ட்ராத்யூவன், கிங்லேக் முதலிய ஊர்களை எரித்து 119 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அன்று மாநிலம் முழுவதும் பற்றிய தீக்களில் இறந்தவர்கள் 173 பேர். அழிந்த வீடுகள் 2,000க்கும் மேல். கறுப்புச் சனி என்று இன்றும் சொல்லப்படும் அந்த நாளைப் பற்றி பெர்னார்ட் டீக் தலைமையிலான அரச ஆணையம் ஓராண்டுக்கு மேல் விசாரித்து, 2010 ஜூலையில் 67 பரிந்துரைகளைக் கொண்ட இறுதி அறிக்கையை அளித்தது. விக்டோரியாவின் ஊர்ப்புறத்தில் வாழ்பவர்களுக்கு இன்று சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பகுதியை அந்த நாளும் அந்த விசாரணையும்தான் வடிவமைத்தன.

வேலை நிமித்தமாகவோ, கொஞ்சம் நிலமும் தோட்டமுமாக வாழலாம் என்ற ஆசையாலோ மெல்பர்னை விட்டு வெளியே குடியேறும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தீ என்றால் ஒரு வீட்டில் பற்றும், அக்கம்பக்கத்தார் குடத்தோடு ஓடி வருவார்கள், பிறகு தீயணைப்பு வண்டி வரும் என்ற பழக்கமே நம்மில் பலருக்கு உண்டு. இங்கே தீ ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் தாக்கும். அக்கம்பக்கத்தாரும் அதே நெருப்பில் சிக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வண்டி வருவதற்கு எந்த நாட்டிலும் வண்டிகள் இல்லை. ஆகவே எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாவற்றையும் புகை கண்ணில் படுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் கீழே வரும் ஒவ்வொரு குறிப்புக்கும் அடிப்படை.

தீ வரும் விதம்

காடு அருகில் இல்லாததால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. காய்ந்த புல்வெளியில் தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பரவக்கூடும். ஓடித் தப்பிக்க நினைப்பவரை அது எளிதில் பிடித்துவிடும். மேட்டில் ஏறும்போது வேகம் இன்னும் கூடும்: சரிவு 10 டிகிரி கூடும்தோறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மலைச்சரிவின் உச்சியில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வீடு வாங்குபவர்கள் அந்த அழகான காட்சியோடு இந்தக் கணக்கையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

தீயின் சுவர் வந்து சேர்வதற்கு வெகு முன்பே கங்குகள் வந்துவிடும். யூகலிப்டஸ் மரங்களின் நார்ப்பட்டை எரிந்துகொண்டே காற்றில் ஏறிப் பறக்கும் தன்மை உடையது. கறுப்புச் சனியன்று 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் கங்குகள் விழுந்து புதிய தீக்களை மூட்டின. தீ வெகுதொலைவில் இருக்கிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீட்டின் பின்புறம் பற்றிக்கொள்வது இப்படித்தான்.

மூன்றாவதாக, பலரும் அறியாதது, காற்று திசை மாறுவது. விக்டோரியாவில் கோடையின் கொடிய நாட்களில் உள்நாட்டுப் பாலைவெளியிலிருந்து வெப்பக்காற்று வடக்கிலிருந்து வீசும். அது தீயைத் தென்கிழக்கு நோக்கி நீண்ட, ஒடுங்கிய நாக்காக இழுத்துச் செல்லும். பிறகு, பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ, தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வந்து மோதும். வெக்கை தணிகிறது என்று மனிதர்கள் மூச்சுவிடும் அந்த நேரத்தில், நாக்கின் நீண்ட பக்கவாட்டு முழுவதும் தீயின் முகப்பாக மாறி வடகிழக்கே பாயும். மேரிஸ்வில் என்ற சிற்றூரில் நடந்தது இதுவே. முரிண்டிண்டியில் பற்றிய தீ தங்கள் ஊரைத் தொடாமல் தாண்டிப் போவதுபோல் பிற்பகலில் தெரிந்தது. மாலையில் காற்று மாறியதும் அது ஊருக்குள் புகுந்தது. அந்தத் தீயில் 40 பேர் இறந்தனர். எனவே தீ நம்மைக் கடந்து பக்கவாட்டில் போய்விட்டது என்பதை ஒருபோதும் நிம்மதிக்குக் காரணமாகக் கொள்ளாதீர்கள். காற்று மாறும் நேரம் வானிலை அறிக்கையில் முன்கூட்டியே சொல்லப்படும். கோடையில் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டையும் எச்சரிக்கையையும் பிரித்து அறிதல்

சாலையோரங்களில் அரைவட்டமாக நிற்கும் வண்ணப் பலகை அன்றைய தீ அபாய மதிப்பீட்டைக் காட்டுகிறது. 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுவதும் நான்கே படிகள்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராபிக். இந்த மதிப்பீடு, தீ பற்றினால் அது எவ்வளவு மோசமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. எங்கேனும் தீ எரிகிறது என்று அது பொருள்படாது. எரியும் தீயைப் பற்றிய எச்சரிக்கைகள் வேறு. அவை அட்வைஸ், வாட்ச் அண்ட் ஆக்ட், எமர்ஜென்சி வார்னிங் என மூன்று நிலைகளில் வரும்.

புதிதாக வருபவர்கள் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருக்கிறார்கள். எமர்ஜென்சி வார்னிங் வரும்போது சாலையில் இறங்குவதே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். எச்சரிக்கையே வராமலும் போகலாம். கறுப்புச் சனியன்று தகவல் தொலைபேசி எண்கள் அழைப்புகளின் பாரத்தைத் தாங்கவில்லை, மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அறுந்தன, தீ சில ஊர்களை எந்த அறிவிப்புக்கும் முன்பே எட்டிவிட்டது. ஆகவே கிளம்பும் நேரத்தை மதிப்பீட்டோடு கட்டுங்கள். கேட்டஸ்ட்ராபிக் என்று அறிவிக்கப்பட்டால் முந்தின இரவோ அன்று அதிகாலையோ ஊரை விட்டுப் போய்விட வேண்டும். அத்தகைய நாளின் தீயைத் தாங்கும்படி வீடுகள் கட்டப்படுவதில்லை என்று தீயணைப்புத் துறையே சொல்கிறது. குழந்தைகளோ முதியவர்களோ வீட்டில் இருந்தால் எக்ஸ்ட்ரீம் என்றாலே கிளம்பிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரு கோடையில் சில நாட்கள் வீணாக அலைந்ததாகத் தோன்றும். அதைச் செலவாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விக்எமர்ஜென்சி என்ற செயலியைக் கைப்பேசியில் நிறுவி, உங்கள் வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் கண்காணிப்பு வட்டத்துக்குள் குறித்து வையுங்கள். அதன் தொலைபேசி எண் 1800 226 226. ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் வீட்டில் இருந்தால், 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்துத் தமிழ் என்று சொன்னால் இணைத்துவிடுவார்கள் என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். வெறுமனே எழுதி ஒட்டுவது போதாது, ஒருமுறை உடன் உட்கார்ந்து அழைத்துப் பழக்குங்கள். மின்சாரம் போனால் இணையமும் அதோடு போகும் என்பதால், மின்கலத்தில் ஓடும் சிறு வானொலி ஒன்றும் ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பான ஏபிசியின் உள்ளூர் நிலையத்தின் அலைவரிசையும் கைவசம் இருக்கட்டும். உயிராபத்து என்றால் 000.

முழுத் தீத்தடை நாள் என்று அறிவிக்கப்பட்டால் வெளியில் விறகுத் தீ மூட்டுவது குற்றமாகும். ஜனவரி நடுவில் வரும் பொங்கல் தீப்பருவத்தின் உச்சத்தில் விழுவதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முற்றத்தில் கல் வைத்துப் பானை ஏற்றும் ஆசையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்துவிட்டு, சமையலறையிலேயே பொங்கவிடுங்கள்.

வெளியேறும் திட்டம்

திட்டம் என்பது ஒரு தாளில் எழுதப்பட்டு, வீட்டிலுள்ள அனைவரும் படித்திருக்க வேண்டும். எந்த மதிப்பீட்டில் கிளம்புகிறோம், யார் வீட்டுக்குப் போகிறோம், எந்தச் சாலை, அது அடைபட்டால் வேறெந்தச் சாலை, பள்ளியிலிருந்து பிள்ளைகளை யார் அழைத்து வருவது, கணவனோ மனைவியோ வேலையில் இருந்தால் மற்றவர் காத்திருப்பதா கிளம்புவதா என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்குக் கிளம்புவது என்ற ஒரே விடைதான் சரி. மலையூர்களில் வெளியே போக ஒரே சாலை இருப்பதும், ஒரு மரம் விழுந்தால் அதுவும் அடைபடுவதும் இயல்பு. 2019ஆம் ஆண்டின் கடைசி நாளில் மல்லகூட்டா என்ற கடலோர ஊரில் ஆயிரக்கணக்கானோர் கடற்கரையில் தஞ்சம் புகுந்ததும், சில நாட்களுக்குப் பின் கடற்படைக் கப்பல் வந்து பலரை ஏற்றிச் சென்றதும் சாலை இல்லாமற்போனதால் நேர்ந்தவை.

எடுத்துச் செல்ல வேண்டியவற்றை ஒரே பெட்டியில் நவம்பர் மாதமே அடுக்கி வையுங்கள். கடவுச்சீட்டு, விசா, குடியுரிமைச் சான்று, பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் ஆகியவை முதலில் வர வேண்டும். ஊரிலிருந்து இரண்டாம் பிரதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்லாவற்றையும் படமெடுத்து இணையச் சேமிப்பில் ஏற்றி, மெல்பர்னிலோ சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பெற்றோரின் மருந்துகள், மருந்துச்சீட்டு, மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, நகைகள், பழைய புகைப்படங்கள் ஆகியவை அடுத்து. வீட்டின் ஒவ்வோர் அறையையும் அலமாரிகளைத் திறந்து காணொளியாக எடுத்து வையுங்கள். காப்பீட்டுக் கோரிக்கையின்போது அதைவிட வலுவான சான்று வேறில்லை.

உடை விஷயத்தில் நம் வழக்கங்கள் நமக்கு எதிராக இருக்கின்றன. 45 டிகிரி வெயிலில் அம்மா நைலக்ஸ் புடவையோடும் ரப்பர் செருப்போடும் இருப்பார். நெருப்பின் வெப்பத்தில் செயற்கை இழை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முழுவதும் மூடும் பருத்தி அல்லது கம்பளி உடை, தடித்த தோல் காலணி, அகன்ற தொப்பி, முகத்துக்குப் பருத்தித் துணி, ஆளுக்கொரு தூய கம்பளிப் போர்வை ஆகியவற்றைக் காரிலேயே போட்டு வையுங்கள். வியர்த்துக் கொட்டும் நாளில் கம்பளியா என்று முதியவர்கள் மறுப்பார்கள். தீ கொல்வது பெரும்பாலும் சுடர் தொடும் முன்பே, தொலைவிலிருந்து வீசும் வெப்பக் கதிர்வீச்சால்தான் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வளர்ப்பு விலங்குகளுக்கும் இதே ஒழுங்குதான். குதிரை, ஆடு, மாடுகளை முந்தின நாளே நகர்த்த முடியாவிட்டால், கொட்டிலில் அடைக்காமல், புல் முழுவதும் மேய்ந்து தீர்ந்த வெளியில் தண்ணீரோடு விட்டு, உட்புறக் கதவுகளைத் திறந்து வையுங்கள். சாலைப் பக்கக் கதவைத் திறக்க வேண்டாம். புகையில் வரும் வாகனங்களுக்கும் விலங்குகளுக்கும் அது ஆபத்து.

நின்று காப்பதைப் பற்றி

தயாராகித் தங்கி வீட்டைக் காப்பாற்று, அல்லது முன்கூட்டியே வெளியேறு என்பதே 2009 வரை இருந்த கொள்கை. பம்பு, தண்ணீர், உடல்வலு, பயிற்சி ஆகிய நான்கும் உள்ளவர்களுக்குச் சாதாரண நாட்களில் அது பலித்ததும் உண்மை. ஆனால் கறுப்புச் சனியன்று இறந்த 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தனர். இறந்தோரில் 44 விழுக்காட்டினர் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 70 வயதைக் கடந்தவர்கள், நோயாலோ உடற்குறையாலோ தளர்ந்தவர்கள். இந்த எண்களைப் படித்த பிறகும், பயிற்சியில்லாத ஒரு குடும்பம் தோட்டத்துக் குழாயை நம்பித் தங்குவதை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. மின்சாரம் போனால் மின்பம்பு நிற்கும். நெகிழிக் குழாய் உருகும். எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கும்போது ஊர்க்குழாயில் அழுத்தம் இராது.

ஆயினும் வெளியேறுகிறவர்களும் வீட்டைத் தயார் செய்துவிட்டே போக வேண்டும்; திரும்பி வரும்போது வீடு இருக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கங்குகள்தான். கூரைப் பீலியின் மூலையில், நீர் இறங்கும் குழாயின் வாயருகே, கையளவு காய்ந்த யூகலிப்டஸ் இலைகள் சுருண்டு கிடக்கும். நகத்தளவு கங்கு ஒன்று அதில் இறங்கினால் முதலில் புகை மட்டும் கிளம்பும். பிறகு இலை பற்றி, ஓட்டின் கீழுள்ள மரச்சட்டத்துக்குத் தாவி, கூரையறைக்குள் நுழைந்துவிடும். வெளிச்சுவரில் ஒரு கரும்புள்ளிகூட இல்லாமல் வீடு உள்ளிருந்து எரிந்து விழுவது இப்படித்தான். கோடை தொடங்குமுன் பீலியைச் சுத்தம் செய்து, கோடை முழுவதும் மீண்டும் மீண்டும் பாருங்கள். ஓடுகளின் இடைவெளிகளையும் தரைக்கடியிலுள்ள காற்றுத் துளைகளையும் 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண்களுள்ள உலோக வலையால் மூடுங்கள். விறகடுக்கு, தென்னநார் மிதியடி, நெகிழி நாற்காலிகள், சன்னலை ஒட்டிய செடிகள் ஆகியவற்றை அகற்றுங்கள். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்திருந்தால் தூக்கி அப்பால் வைப்பது எளிது. புல்லை 10 சென்டிமீட்டருக்குள் வெட்டி வையுங்கள். பெரும்பாலான பகுதிகளில் வீட்டுக்கு 10 மீட்டருக்குள் உள்ள மரங்களையும் 30 மீட்டருக்குள் உள்ள புதர்களையும் அனுமதியின்றி அகற்ற விதி இடம் தருகிறது. உங்கள் இடத்துக்கு அது பொருந்துமா என்று நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கிக்கொண்டால்

இது திட்டம் தவறிய பிறகு செய்வது. இதையே திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. பல ஊர்களில் பிளேஸ் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட் என்ற பலகையோடு ஒரு திடலோ கட்டடமோ குறிக்கப்பட்டிருக்கும். உணவோ கழிப்பறையோ விலங்குகளுக்கு இடமோ அங்கே எதிர்பார்க்க முடியாது, உயிருக்கு உத்தரவாதமும் இல்லை. வேறு வழியே இல்லாதபோது வெட்டவெளியில் கிடப்பதைவிட மேல் என்பதற்காக மட்டும் அவை இருக்கின்றன.

வீட்டுக்குள் சிக்கினால், வெளியே போக நேரடிக் கதவுள்ளதும் தீயை நேரில் பார்க்கக்கூடியதுமான அறையில் இருங்கள். தண்ணீர் இருக்கிறது என்று குளியலறைக்குள் ஓடுவது மனித இயல்பு. ஆனால் அதற்கு ஒரே கதவு, உயரத்தில் சிறு சன்னல். வீட்டின் மறுபக்கம் பற்றியெரிவது தெரியாமலே உள்ளே அடைபட்டுப் போவீர்கள். தீமுகப்பு கடக்கப் பெரும்பாலும் சில நிமிடங்களே ஆகும். அது கடந்ததும், வீடு தாங்காத நிலையில், ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்கு வெளியேறுங்கள்.

காரில் சிக்கினால், மரங்களும் உயர்ந்த புல்லும் இல்லாத இடத்தில், சாலையை விட்டு ஒதுங்கி, காரின் முகப்பைத் தீ வரும் திசைக்கு நேராக நிறுத்துங்கள். விளக்குகளை எரியவிட்டு, கண்ணாடிகளையும் காற்றுத் துளைகளையும் மூடி, சன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து, கம்பளிப் போர்வையால் முழுக்க மூடிக்கொள்ளுங்கள். வெளியே இறங்கி ஓடாதீர்கள்.

திரும்பி வரும் நாள்

தீ அணைந்த செய்தி வந்ததும் ஊருக்குப் போக மனம் துடிக்கும். காவல்துறை சாலையை மூடி வைத்திருக்கும். மல்லகூட்டாவுக்குப் போகும் நெடுஞ்சாலை, ஓரத்து மரங்கள் விழும் நிலையில் இருந்ததால், பல வாரங்கள் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. அடைப்புக்குள் குறுக்கு வழியில் நுழையாதீர்கள். நீங்கள் பத்திரமாக இருப்பதைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவுச் சேவையில் தெரிவித்துவிட்டால், உங்களைத் தேடி வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளும் குறையும்.

எரிந்த நிலத்தில் நடப்பதற்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. மேலே பார்த்தால் சீராகப் பரவிய சாம்பல். கீழே, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையும் வேர்களும் நாட்கணக்கில் கனன்றுகொண்டே இருந்து, மண்ணுக்குள் வெற்றுக் குழியை உண்டாக்கியிருக்கும். கால் வைத்தால் மேலோடு உடைந்து முழங்கால் வரை தணலில் இறங்கும். நீண்ட கோலால் தட்டித் தட்டி நடங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள். அறுந்த மின்கம்பிகள், வெப்பத்தில் பலவீனமான எரிவாயு சிலிண்டர்கள், மூடி வலுவிழந்த செப்டிக் டேங்க், தலைக்கு மேல் தொங்கும் கிளைகள் ஆகிய நான்கையும் முதலில் கண்ணால் தேடுங்கள்.

சாம்பலைப் பொதுவாக யாரும் மதிப்பதில்லை. 1990க்கு முன் கட்டிய வீடானால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. கரையான் புகாமல் இரசாயனம் ஏற்றிய பச்சை நிறத்துத் தூண்களும் வேலிக்கட்டைகளும் எரிந்த சாம்பலில் ஆர்சனிக், குரோமியம், செம்பு ஆகியவை தங்கும். அடுப்புச் சாம்பலைப்போல் இதைச் செடிக்குப் போடவோ பாத்திரம் துலக்கவோ எடுக்கக் கூடாது. பி2 வகை முகமூடி, கையுறை, முழுக்கை உடை, பூட்ஸ் ஆகியவற்றோடு மட்டும் நுழையுங்கள்; தூசி எழாதபடி இலேசாக நீர் தெளியுங்கள்; இடிபாடுகளைத் தோண்ட வேண்டாம். தாலி, மோதிரம் தேட வேண்டும் என்ற தவிப்பு புரிந்துகொள்ளக்கூடியதே. மேற்பார்வையாளரிடம் எந்த அறையில் எங்கே இருந்தது என்று சொன்னால் துப்புரவின்போது கவனிப்பார்கள். 2009இல் எரிந்த வீடுகளின் இடிபாடுகளை அகற்றும் வேலையை அரசே ஏற்றுச் செய்தது. அத்தகைய ஏற்பாடு அறிவிக்கப்படுமா என்று தெரியும் வரை தனியாள் வைத்து அகற்றிப் பணத்தை இழக்காதீர்கள்.

மழைநீர்த் தொட்டியை நம்பி வாழும் வீடுகளில், முதல் மழை பெய்யும் முன் கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயைக் கழற்றி விடுங்கள். கூரையில் படிந்த சாம்பலும், விமானங்கள் தெளித்த தீத்தடுப்பு இரசாயனமும் அப்படியே உள்ளே போகாமலிருக்க அதுவே வழி. நிறமோ மணமோ சுவையோ மாறியிருந்தால் குடிக்கவும் சமைக்கவும் விலங்குகளுக்கு வைக்கவும் வேண்டாம். மின்சாரம் நின்ற குளிர்ப்பெட்டியிலுள்ள உணவையும், வெப்பம் பட்ட அரிசி, பருப்பு, மருந்துகளையும் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

காப்பீடும் மறுகட்டுமானமும்

காப்பீட்டு நிறுவனத்தை அன்றே அழையுங்கள். தங்குமிடச் செலவு, இடிபாடு அகற்றும் செலவு ஆகியவை ஒப்பந்தத்தில் உள்ளனவா என்று கேளுங்கள். எதையும் எறிவதற்கு முன் படமெடுங்கள். பேசியவரின் பெயர், நாள், நேரம், சொன்ன வாக்கு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மாதங்கள் நீளும் ஒரு வழக்கில் அந்த நோட்டுதான் உங்கள் வலது கை. ஆரம்பத்திலேயே மொத்தமாக ஒரு தொகை தந்து கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னால், கட்டுமானச் செலவு மதிப்பீடு கையில் வரும் வரை கையெழுத்திடாதீர்கள். உடன்பாடு எட்டவில்லையெனில் ஆஸ்திரேலிய நிதிப் புகார் ஆணையமான ஆஃப்காவிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

காப்பீட்டுத் தொகை போதாமற்போவதற்கு ஒரு முக்கியக் காரணம் கட்டட விதி. காட்டுத்தீப் பகுதியில் கட்டும் வீடுகளுக்கான ஏஎஸ் 3959 என்ற தரவிதி 2009 மார்ச்சில் திருத்தப்பட்டு, விக்டோரியாவில் உடனே நடைமுறைக்கு வந்தது. அதன்படி மனைக்கு மனை பிஏஎல் (காட்டுத்தீத் தாக்குதல் நிலை) என்ற அளவீடு கணிக்கப்படும்: லோ, 12.5, 19, 29, 40, எஃப்இஸட் என ஆறு நிலைகள். எண்கள், ஒரு சதுர மீட்டரில் விழக்கூடிய வெப்பக் கதிர்வீச்சைக் கிலோவாட்டில் குறிக்கின்றன. எஃப்இஸட் என்றால் சுடரே சுவரைத் தொடும் இடம். நிலை உயர உயரச் சன்னல் கண்ணாடி, கதவு, தளம் எல்லாவற்றின் விலையும் ஏறும். பழைய வீட்டின் மதிப்புக்குக் காப்பீடு செய்தவர் புதிய விதிப்படி கட்ட முடியாமல் திணறுவது இதனால்தான். நிலம் வாங்கும் முன்பே அதன் பிஏஎல் நிலையைக் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் ஆண்டுதோறும் காப்பீட்டுத் தொகையை அந்த விலையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விற்றுவிட்டுப் போவதா, மீண்டும் கட்டுவதா என்பதைச் சில மாதங்கள் கழித்து முடிவு செய்வதே நல்லது. வாசலுக்கே வந்து பாதி விலைக்குக் கேட்பவர்களும், முன்பணம் வாங்கி மறையும் ஒப்பந்தக்காரர்களும் முதல் வாரங்களில்தான் நடமாடுவார்கள்.

நிலம், விலங்கு, வேலி

தீயில் தப்பிய ஆடுமாடுகளை இயன்ற அளவு விரைவில் மருத்துவர் பார்க்க வேண்டும். நிற்கிற மாடு நலமாக இருப்பதுபோல் தெரியும். குளம்பும் மடியும் வெந்திருப்பது சில நாட்கள் கழித்தே வெளிப்படும். புதைக்க நேரும் உடல்களை ஓடைக்கும் கிணற்றுக்கும் தொலைவில், அதிகாரிகள் காட்டும் இடத்தில் புதைக்க வேண்டும்.

வேலி போடுவது தனி ஆளால் ஆகிற காரியமன்று. கில்மோர் ஈஸ்டில் விவசாயம் செய்த கெவின், ரோண்டா பட்லர் தம்பதியர் 2009இல் தங்கள் எரிந்த வேலியைக் கட்ட அக்கம்பக்கத்தாரை அழைத்ததிலிருந்து பிளேஸ்எய்ட் என்ற தொண்டமைப்பு பிறந்தது. இன்று பேரிடர் நடந்த ஊர்களில் முகாமிட்டு, தொண்டர்கள் வேலி கட்டித் தருகிறார்கள். உங்கள் ஊரில் முகாம் இருந்தால் பதிவு செய்யத் தயங்காதீர்கள். சாப்பாடு சமைத்துக் கொடுத்து நீங்களும் பங்கெடுக்கலாம்.

கருகி நிற்கும் எல்லா மரங்களையும் வெட்டிவிடாதீர்கள். வீட்டின்மேலோ சாலையின்மேலோ விழக்கூடியவை போக, பெரும்பாலான யூகலிப்டஸ் வகைகள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தண்டெல்லாம் தளிர்விடும். உயர்மலைகளில் நிற்கும் மவுண்டன் ஆஷ் மட்டும் விதிவிலக்கு: கடுந்தீயில் அது இறந்து, விதையிலிருந்து மீண்டும் முளைக்கிறது. புல்லும் வேரும் போன சரிவில் முதல் பெருமழை மண்ணையும் சாம்பலையும் அள்ளிக்கொண்டு இறங்கும். வைக்கோல் கட்டுகளையும் மரத்துண்டுகளையும் சரிவுக்குக் குறுக்கே போட்டு அதன் வேகத்தைக் குறையுங்கள்.

மனமும் உதவியும்

மெல்பர்ன் பல்கலைக்கழகம் கறுப்புச் சனிக்குப் பின் பல ஆண்டுகள் நடத்திய பியாண்ட் புஷ்ஃபயர்ஸ் ஆய்வு, பெரும்பாலோர் காலப்போக்கில் தேறிவந்தாலும், ஒரு பகுதியினருக்கு மனப் பாதிப்பு ஆண்டுகள் கடந்தும் நீடித்ததையும், உறவும் ஊர்த்தொடர்பும் உள்ளவர்கள் நன்றாகத் தேறியதையும் காட்டியது. தூக்கமின்மை, புகை வாடைக்கே நடுங்குதல், வீட்டில் எரிந்து விழுதல் ஆகியவற்றை நம் குடும்பங்களில் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். குடும்ப மருத்துவரிடம் அவற்றைச் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் 13 11 14 என்ற லைஃப்லைன் எண் உண்டு. பிள்ளைகளை விரைவில் பள்ளிக்கு அனுப்புங்கள். அவர்கள் தீயை வரைந்தால் தடுக்காதீர்கள்.

தொலைவிலிருந்து உதவ விரும்பும் உறவினர்களும் சங்கங்களும் பழைய துணி மூட்டைகளையும் அரிசி மூட்டைகளையும் அனுப்ப வேண்டாம். பிரிக்கவும் அடுக்கவும் ஆளின்றி அவை ஊர் மண்டபத்தை அடைத்துக்கொள்ளும். வீடற்றவருக்கு அவற்றை வைக்கவும் இடம் இல்லை. பணமாகவோ ஊர்க்கடையில் செலவிடும் பரிசுச் சீட்டாகவோ கொடுத்தால் குடும்பத்துக்கும் பயன், எரிந்த ஊரின் கடைக்கும் வியாபாரம். முதல் மாதம் எல்லோரும் கொடுப்பார்கள். ஏழெட்டு மாதம் கழித்து, வாடகை உதவித்தொகை நின்று, கட்டட அனுமதி இன்னும் வராத நிலையில், வேலியடிக்க வாரக்கடைசியில் இரண்டு பேரும், படிவங்களை ஆங்கிலத்தில் நிரப்பிக்கொடுக்க ஒருவரும் வந்தால் அது பெரிய உதவி. சங்கங்கள் தங்கள் நிதியில் ஒரு பகுதியை அந்தக் காலத்துக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.